வெள்ளிக்கிழமை நாக்கு

பழைய மொன்றியலில் இத்தாலியச் சாப்பாடும் கடல் சாப்பாடும் எங்கே நன்றாக இருக்கும் என்று அறிய, சென்ட் லோரன்ட் தமிழர்கள் கைத்தொலைபேசியில் தேடுவதில்லை. புஷ்பராணிக்கு எடுப்பார்கள். லண்டனிலிருந்து மச்சான் குடும்பம் வந்திருக்கும், அல்லது ரொறன்ரோவிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருப்பார்கள். தோசையும் கொத்துரொட்டியும் அவர்களுக்கு அங்கேயே கிடைக்கும். இங்கே வந்ததற்கு வேறு எதையாவது காட்ட வேண்டும்.

புஷ்பராணி உடனே ஒரு கடையின் பெயரைச் சொல்லிவிட மாட்டாள்.

"எண்டைக்குப் போறியள்?"

"ஞாயிற்றுக்கிழமை, அக்கா."

"ஞாயிறு பின்னேரம் மட்டி சாப்பிடாதேங்கோ. வெள்ளிக்கிழமை வந்ததாத்தான் இருக்கும். கணவாய் கேளுங்கோ, பிழைக்காது. வாசல்ல ஆள் நிண்டு கையைப் பிடிக்காத குறையாக் கூப்பிட்டால் அந்தக் கடைக்குள்ள போகாதேங்கோ. சிங்க இறால் கேட்டால் முதல்ல உயிரோட கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கோ. காட்டமாட்டம் எண்டால் எழும்பி வாங்கோ, வெக்கப்படாதேங்கோ."

இவ்வளவும் சொன்ன பிறகு, கேட்டவர்களே வற்புறுத்தினால்தான் தான் வேலை செய்யும் கடையின் பெயரைச் சொல்வாள். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் அந்த வழக்கம் இல்லை. "வெள்ளியெண்டால் எங்கட கடைக்கு வாங்கோ. மீன் சூப் குடியுங்கோ" என்று தானே முந்திக்கொண்டு சொல்வாள். அந்தச் சூப்பை வெள்ளிக்கிழமைகளில் அவள் ஒரு துளிகூட வாயில் வைப்பதில்லை என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது.

கடையின் பெயர் லா லாந்தேர்னா. சென் போல் தெருவில், துறைமுகத்துக்குக் கிட்ட, பழைய கல்லுக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளம். சுற்றுலா வருபவர்கள் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கதிரையில் உட்காருவார்கள். குசினியில் நின்றவர்களுக்கு அந்தக் கல்லால் கிடைத்தது மாரியில் ஈரமும் கோடையில் வெக்கையும்தான்.

புஷ்பராணி அங்கே வேலைக்குச் சேர்ந்தது இரண்டாயிரத்து மூன்றில். கணவர் கிருபானந்தனுக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை. மகன் பிருந்தன் அப்போது சின்னப் பையன். அவளுக்குக் கிடைத்தது நிலவறையில் கணவாய் துப்புரவாக்கும் வேலை. தலையை இழுத்து, மைப்பை உடையாமல் பிரித்து, நடு முள்ளை உருவி, தோலை உரித்துப் போட வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது கிலோ. ஐந்தாம் வருடம் படியேறி மேலே வந்தாள். முதலில் மரக்கறி வெட்டு, பிறகு தக்காளிச் சாறு, பிறகு மீன் சூப்.

யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. முதலாளி ஆல்டோவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. பிழை என்று கண்டால் சட்டியைத் தூக்கிக் கழுவும் தொட்டிக்குள் ஊற்றுவார். ஏன் ஊற்றினார் என்று கண்டுபிடிப்பது சட்டிக்காரரின் பாடு. புஷ்பராணியின் சூப்பை அவர் பதினொரு தரம் ஊற்றியிருக்கிறார். பதினொரு காரணங்களையும் அவள் தானாகவே கண்டுபிடித்தாள். நண்டு ஓட்டை வறுக்கும்போது கருகவிட்டால் கசக்கும். பெருஞ்சீரகக் கிழங்கைப் பெரிய நெருப்பில் வதக்கினால் அதன் இனிப்பு வெளியே வராது. சின்ன நெருப்பில், மூடியைப் போட்டு, நாற்பது நிமிடம். இப்படி ஒவ்வொன்றாக. பன்னிரண்டாம் தரம் ஆல்டோ ஒன்றும் பேசாமல் போனார். அந்தக் குசினியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

ஆல்டோவிடம் ஒரு சட்டம் இருந்தது. ஒவ்வொரு சமையல்காரரின் பக்கத்திலும் ஒரு தகரத்தில் சுடுதண்ணீரும் அதற்குள் கரண்டிகளும் இருக்க வேண்டும். சட்டிக்குரியவர் ருசி பார்க்காமல் எந்தக் கோப்பையும் வெளியே போகக்கூடாது. ருசி பார்க்காதவன் சமையல்காரன் இல்லை, சூடுகாட்டுகிறவன் என்பார். அப்படி ஒருவனை மேசைகளில் ஆட்கள் இருக்கும்போதே வீட்டுக்கு அனுப்பியும் இருக்கிறார்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் புஷ்பராணியின் தம்பி முள்ளிவாய்க்காலில் அகப்பட்டிருந்தான். பதினேழு நாட்கள் ஒரு செய்தியும் இல்லை. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் நின்று, தம்பி உயிரோடு வெளியே வந்தால் சாகும்வரை வெள்ளிக்கிழமைகளில் மச்சம், மீனோ இறைச்சியோ, வாயில் வைப்பதில்லை என்று நேர்ந்தாள். தம்பி உயிரோடு அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தான். வலது கால் கொஞ்சம் நொண்டும், மற்றும்படி சுகம். அவன் வந்த செய்தி கிடைத்து இரண்டு நாளில் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமைதான் லா லாந்தேர்னாவில் மீன் அதிகம் போகும் நாள். பழைய கத்தோலிக்கக் குடும்பங்கள் அன்றைக்கு இறைச்சி சாப்பிடுவதில்லை. லீவு கேட்க முடியாது. ஆல்டோவிடம் காரணம் சொல்லவும் முடியாது. சூப்பை மணத்தாலும் நிறத்தாலும் கொதிக்கிற சத்தத்தாலும் அவளால் வைக்க முடியும். ஆனால் உப்புக்கு மணம் இல்லை. சூப்பின் உப்பைச் சமையல்காரர் போடுவதுமில்லை. மட்டி வாய் திறக்கும்போது விடும் கடல்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித்தான் உப்பைக் கொண்டுவர வேண்டும். எந்த மட்டி எவ்வளவு உப்பை வைத்திருக்கிறது என்பதை நாக்குத்தான் சொல்லும்.

அன்று கரண்டியைச் சூப்பில் தோய்த்து எடுத்து, வாய்க்குக் கொண்டுபோகாமல் நின்றாள். பக்கத்து அடுப்பில் பொரியல் பார்த்த றோசலின் அதைக் கண்டாள். றோசலின் திருகோணமலைக்காரி, கத்தோலிக்கம், புஷ்பராணியைவிடப் பத்து வயது குறைவு, வேலைக்கு வந்து ஒரு வருடம்தான்.  கரண்டியை வாங்கி வாயில் வைத்தாள்.

"உப்புக் காணாது, அக்கா."

புஷ்பராணி மட்டித் தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

"இப்ப ஓம், சரி."

அன்று தொடங்கியது. பதினாறு வருடம், ஒவ்வொரு வெள்ளியும் புஷ்பராணி தோய்த்து நீட்டுவாள், றோசலின் ருசித்து ஒரு சொல் சொல்வாள். ஆல்டோ பார்க்கும்போது கரண்டி எந்த வாய்க்குப் போகிறதென்று தெரியாதபடி இரண்டு பேரும் முதுகைக் காட்டி நிற்கப் பழகியிருந்தார்கள். கைம்மாறாக, ஞாயிறு காலையில் றோசலின் பூசைக்குப் போய் வரும்வரை அவளுடைய அடுப்பையும் புஷ்பராணி பார்த்தாள்.

"எங்கட ஆண்டவர் வெள்ளிக்கிழமை மீன் தின்னச் சொல்லுறார், உங்கட ஆண்டவர் தின்னாதை எண்டுறார்" என்பாள் றோசலின். "இரண்டு பேரும் ஒருக்காக் கதைச்சு ஒரு முடிவுக்கு வந்தால் என்ர வயிறு தப்பும்."

"உன்ர வயித்துக்கு என்ன வந்தது? பதினாறு வருசமா ஓசியில சூப் குடிக்கிறாய்."

"கரண்டி கரண்டியா, அக்கா. ஒரு கோப்பை நிறையத் தந்தீங்களோ?"

சென்ற தை மாதம் ஆல்டோ இறந்தார். மகன் மௌரோ கடையை எடுத்தான். அவன் சத்தம் போடாதவன், எல்லோருக்கும் காலையில் கைகொடுப்பவன். மெனு அட்டையின் அடியில் நாற்பது வருடமாகச் சமையல் தலைவர் என்று ஆல்டோவின் பெயர் அச்சாகியிருந்தது. அந்த இடத்தை வெறுமையாக விட முடியாது. மாசி மாதம் ஒருநாள் புஷ்பராணியைக் கூப்பிட்டு, ஈஸ்டருக்குப் பிறகு உங்கள் பெயரைப் போடப்போகிறேன் என்றான்.

புஷ்பராணி வீட்டில்கூடச் சொல்லவில்லை. அச்சாகட்டும், அட்டையைக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று இருந்தாள். ஆனால் தன் பெயர் பிரெஞ்சு எழுத்தில் எத்தனை எழுத்து வரும், அந்த வரிக்குள் அடங்குமா என்று மெட்ரோவில் இருந்து விரலால் எண்ணிப் பார்த்தாள். அந்த வயதில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

றோசலினுக்கு மட்டும் சொன்னாள்.

"நல்லது அக்கா" என்றாள் றோசலின். கொஞ்சம் பொறுத்து, "அப்ப நான்?" என்றாள்.

"நீ வழமை போலப் பக்கத்தில நில்லன். வெள்ளிக்கிழமையில நீ இல்லாட்டி நான் என்ன செய்யிறது."

அதைப் பாராட்டென்று நினைத்துத்தான் சொன்னாள்.

தவக்காலத்தின் நான்காம் வெள்ளி, பகல் பன்னிரண்டரை. வாசலில் நிற்கும் பெண் குசினிக்குள் எட்டிப் பார்த்து, பத்திரிகைக்காரி வந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒவ்வொரு வசந்தத்திலும் பழைய மொன்றியலில் இத்தாலியச் சாப்பாட்டுக்கும் கடல் சாப்பாட்டுக்கும் எங்கே போகலாம் என்று ஒரு பட்டியல் எழுதுகிறவள். ஒன்பது வருடமாக அந்தப் பட்டியலில் லா லாந்தேர்னாவின் மீன் சூப் இருந்தது. சூப்தான் கேட்டிருக்கிறாள் என்றார்கள்.

அன்றைக்கு மட்டி வேறிடத்திலிருந்து வந்திருந்தது. வாய் திறந்தபோது வழமையைவிட இரண்டு மடங்கு தண்ணீர் விட்டது. புஷ்பராணி பாதியை ஊற்றிக் கலக்கிக் கரண்டியை நீட்டினாள்.

"இன்னும் ஊத்தலாம்" என்றாள் றோசலின்.

மிச்சத்தையும் ஊற்றினாள்.

"ஓம்."

புஷ்பராணிக்கு மனம் ஒப்பவில்லை. அவ்வளவு தண்ணீரை அந்தச் சட்டி ஒரு நாளும் குடித்ததில்லை. "வடிவாப் பாத்தியே? கூடப்போல கிடக்கு."

"பாத்தனான் அக்கா. ஓம் எண்டுதானே சொல்லுறன்." றோசலின் தன் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடி சொன்னாள்.

கரண்டி புஷ்பராணியின் கையில் இருந்தது. அதன் குழியில் சூப் ஒரு சொட்டுத் தங்கியிருந்தது. நாக்கு நுனியில் பட்டு உடனே துப்பினாலும் போதும், தெரிந்துவிடும். முருகன் அதைக் கணக்கெடுக்க மாட்டான் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணம் நொண்டி நொண்டித் தம்பி முகாமின் வாசலுக்கு வருவது தெரிந்தது. அவள் நேரில் காணாத காட்சி, ஆனால் பதினாறு வருடமாக அவளுக்குத் தெரிந்த காட்சி. கரண்டியைத் தகரத்துக்குள் போட்டாள். சூப்பைக் கோப்பையில் வார்த்து, மட்டிகளை மேலே அடுக்கி, விளிம்பைத் துடைத்து அனுப்பினாள்.

ஐந்து நிமிடத்தில் கோப்பை திரும்பி வந்தது. மௌரோ அதைக் கையில் பிடித்தபடி வந்தான். சட்டிக்குள் ஒரு கரண்டியை விட்டு ருசித்தான். முகத்தைச் சுளிக்கவில்லை, சத்தம் போடவில்லை.

"இதை நீங்கள் ருசி பார்த்தீர்களா?"

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். பெரிய சமையல்காரர்களுக்கும் கை தவறுகிற நாள் உண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை மச்சம் வாயில் வைத்தேன் என்று வெள்ளிக்கிழமையிலேயே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இல்லை."

"ஏன்?"

அதற்குள் றோசலின் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "வெள்ளிக்கிழமையில் அவ ருசி பார்ப்பதில்லை. விரதம். பதினாறு வருடமாக நான்தான் பார்க்கிறேன்" என்றாள், தெளிவான பிரெஞ்சில். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வெளியே மேசை காத்திருந்தது. மௌரோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு றோசலினிடம், "உன்னால் இதைச் சரிசெய்ய முடியுமா?" என்றான்.

அவளால் முடிந்தது. உப்புச் சேராத மீன் சாற்றைப் புஷ்பராணி எப்போதும் ஒரு வாளியில் தனியாக எடுத்து வைப்பாள், இப்படி ஒரு நாளுக்கென்று. றோசலின் அந்த வாளியைத் தூக்கி ஊற்றினாள், ருசித்தாள், ஊற்றினாள், ருசித்தாள். யாருக்கும் முதுகைக் காட்டாமல், எல்லோரும் பார்க்க. இரண்டாவது கோப்பை போனது. அது திரும்பி வரவில்லை.

றோசலின்தான் ஓம் என்று சொன்னாள் என்று புஷ்பராணி அப்போதும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. இன்னொருத்தியின் வாயில் கரண்டியை வைத்தவள், பிழை வந்ததும் அந்த வாயைக் காட்டக்கூடாது என்பது அவள் எண்ணம். சட்டி அவளுடையது.

நாலு மணிக்கு வேலை முடிந்தது. பிளாஸ்-தார்ம் மெட்ரோ நிலையத்தில் இருவரும் வழமை போல ஒரே வாங்குப் பலகையில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வண்டி, ஒரே இறங்குமிடம்.

"உப்புத் தெரிஞ்சதோ உனக்கு?" என்று கேட்டாள் புஷ்பராணி.

"தெரிஞ்சது."

"முதல் தரமே?"

"முதல் தரமே. தெரிஞ்சுதான் ஓம் எண்டனான்."

புஷ்பராணி கைப்பையின் வாரைச் சுருட்டினாள். "நான் உனக்கு என்ன செய்தனான்?"

"பக்கத்தில நில்லன் எண்டு சொன்னீங்கள்."

"அது நான்..."

"பதினாறு வருசம், அக்கா. இவளும் சேர்ந்துதான் இதைச் செய்யிறாள் எண்டு கிழவனிட்டையாவது மௌரோவிட்டையாவது ஒரு நாள் சொன்னீங்களோ? உங்கட தகரத்தில அஞ்சு கரண்டி. நான் ஆறாவது."

"சொல்லியிருந்தால் என்னை நிப்பாட்டியிருப்பினம்."

"ஓம். அதுக்குத்தான் நீங்க சொல்லேல்ல. நான் சொன்னன்."

"ஞாயிற்றுக்கிழமை உன்ர அடுப்பைப் பாத்தனான்."

"நான் பூசைக்குப் போறது எல்லாருக்கும் தெரியும். நான் ஒளிச்சுப் போகேல்ல. நீங்கதான் என்னை ஒளிச்சு வச்சீங்கள்."

வண்டி வந்தது. றோசலின் ஏறினாள். கதவு மூடும்வரை திரும்பிப் பார்க்காமல் நின்றாள். புஷ்பராணி அடுத்த வண்டிக்கு இருந்தாள். அதையும் விட்டுவிட்டு அதற்கடுத்ததில் ஏறினாள்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை மௌரோ அவளைக் கூப்பிட்டான். உங்கள் நம்பிக்கையை நான் மதிக்கிறேன் என்று தொடங்கினான். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு இலகுவாக இருந்திருக்கும். வாரத்தில் ஒரு நாள் ருசி பார்க்க முடியாதவரின் பெயரை அப்பாவின் பெயர் இருந்த இடத்தில் எப்படிப் போடுவது என்று கேட்டான். வெள்ளிக்கிழமைகளில் உங்களுக்கு வசதியாக, ருசி பார்க்கத் தேவையில்லாத வேலை தருகிறேன் என்றான். கீழே, கணவாய்.

"மற்ற நாள்களில்?"

"மேலே. றோசலினுக்கு உதவியாக. அவள் பக்கத்தில்."

"ஒரு நாள் கீழே நிற்பவள் எல்லா நாளும் கீழேயே நிற்கிறேன்" என்றாள் புஷ்பராணி. அவன் வற்புறுத்துவான் என்று கொஞ்சம் எதிர்பார்த்தாள். அவன் நன்றி சொன்னான்.

அடுத்த சனிக்கிழமை பட்டியல் வந்தது. பிருந்தன் கோப்பி குடித்துக்கொண்டே தொலைபேசியில் அதைக் கண்டான். விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறவன். பிரெஞ்சில் வாசித்துத் தமிழில் சொன்னான்.

"முதல் கோப்பை கடல்தண்ணி மாதிரி இருந்ததாம். இரண்டாவது, ஒன்பது வருசத்தில அவ குடிச்சதிலயே நல்லதாம். புது செஃப் றோசலின்... அம்மா, இது எங்கட றோசலின் அன்ரி எல்லோ?"

"ஓம்."

"உங்கட பேர் இல்லை."

"நான் கீழதானே நிக்கிறன்."

"எப்ப தொடக்கம்?"

"கோப்பி ஆறுது, குடி."

அவன் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தான். அவள் எழுந்து குழாயைத் திறந்துவிட்டாள். பட்டியல் வந்த பிறகு கோயிலில் துஷாந்தினி என்ற பெண் அவளைப் பிடித்து, ரொறன்ரோ ஆட்களை எங்கே கூட்டிப் போகலாம் என்று கேட்டாள். எண்டைக்குப் போறியள் என்று புஷ்பராணி கேட்கவில்லை. "பேப்பரில போட்டிருக்காம், அதைப் பாருங்கோ" என்றாள்.

நிலவறை மாறவில்லை. அதே நீளமான இரும்பு மேசை, அதே குளிர்ந்த தண்ணீர்க் குழாய், கணவாய்த் தோல் ஒட்டிக்கொள்ளும் அதே வடிகால். இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய கையைவிட இப்போது கை கூடுதலாக விறைக்கிறது. மேலே சூப் கொதிக்கும் மணம் படிவழியாக இறங்கி வரும். அந்த மணத்தில் அவளுக்கு எல்லாம் தெரியும். றோசலினின் நாக்கு உப்பையும் புளியையும் ஒருபோதும் தவறவிடாது. ஆனால் பெருஞ்சீரகக் கிழங்கை அவள் அவசரப்படுத்துகிறாள். பெரிய நெருப்பில், மூடியில்லாமல், பத்து நிமிடம். பதினாறு வருடம் பக்கத்தில் நின்று ருசித்தவளுக்கு, வெட்டுவதும் வதக்குவதும் பகல் கூட்டம் வருவதற்கு முன், அவள் காலையில் வேலைக்கு வருவதற்கும் முன் நடந்த காரியங்கள்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, றோசலின் படியிறங்கி வந்தாள். வெள்ளைச் சட்டையில் அவள் பெயர் நூலால் தைத்திருந்தது. ஒரு கையில் சின்னக் கோப்பை, மற்றக் கையில் கரண்டி. மெட்ரோ வாங்குக்குப் பிறகு இருவரும் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசியதில்லை.

"அக்கா, இண்டைக்குச் செவ்வாய்."

"தெரியும்."

"ஏதோ குறையுது. உப்பில்லை, புளியில்லை. எனக்குப் பிடிபடேல்ல. இரண்டு கிழமையாக் குறையுது. நேற்று ஒரு மேசையில பாதிக் கோப்பை திரும்பி வந்தது. மௌரோ ஒண்டும் சொல்லேல்ல, பாத்தவன்." கரண்டியைத் தோய்த்து நீட்டினாள். "ஒருக்காப் பாருங்கோ."

புஷ்பராணி கையைக் கழுவினாள். ஏப்ரனில் துடைத்தாள். கரண்டியை வாங்கி வாயில் வைத்தாள். மட்டித் தண்ணீர் அளவாக இருந்தது. தக்காளி நல்லது. நண்டு ஓடு கருகவில்லை. நடுவில், இனிப்பு இருக்க வேண்டிய இடத்தில், பச்சைக் கிழங்கின் வாசம் மட்டும் நின்றது. சின்ன நெருப்பு, மூடி, நாற்பது நிமிடம். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

றோசலின் அவள் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

புஷ்பராணி கரண்டியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஓம்" என்றாள். "சரியா இருக்கு."

"வடிவாப் பாத்தீங்களோ?"

"பாத்தனான். ஓம் எண்டுதானே சொல்லுறன்."

றோசலின் கரண்டியைக் கோப்பைக்குள் போட்டாள். பிறகு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியேறினாள். புஷ்பராணி தொட்டிக்குள் கையை விட்டு அடுத்த கணவாயை எடுத்தாள். தலையை இழுத்தபோது மைப்பை உடைந்து விரலெல்லாம் கறுத்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் கையில் ஒரு மைப்பை உடைந்தது அன்றைக்குத்தான்.